துப்பாக்கிக்கு ஆசிரியர் உண்டா?

ஆசிரியன் செத்துப்போனான் என்று ரொலாண் பார்த் 1967இல் சொன்னதைக் கவிதைக்கும் கதைக்கும் பொருத்திப் பார்த்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம். மிஷேல் ஃபூக்கோ 1969 உரையில் சொன்ன ஒரு விஷயத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. எழுதியவனைப் பிடித்துத் தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தபோதுதான் எழுத்துக்கு ஆசிரியர் என்று ஒருவர் உருவானார் என்கிறார் அவர். பெயருக்கும் பொறுப்புக்கும் உள்ள இந்த உறவைப் புத்தகத்தை விட்டு வெளியே கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு துப்பாக்கியிடம் கேட்போம்: உன்னைச் செய்தது யார்?

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க ராணுவத்தின் எம்1 கார்பைன். 1941இல் ஏற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்துவிட்டார்கள். செய்தவர்களில் வின்செஸ்டர் ஒன்றுதான் பேர்போன துப்பாக்கிக் கம்பெனி. 26 லட்சத்துக்கும் மேல் செய்து முதலிடத்தில் நின்ற இன்லண்ட், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. கார்களுக்கு ஸ்டியரிங் சக்கரம் செய்துகொண்டிருந்தது. அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி. ஐ.பி.எம். அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குப் பார்க்கும் இயந்திரங்களைச் செய்தது. நேஷனல் போஸ்டல் மீட்டர், தபால் முத்திரை இயந்திரம். சிகாகோவின் ராக்-ஓலா, காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி.

'பாட்டுப் பெட்டிக்காரனா துப்பாக்கி செய்தான்!' என்று வியக்கத் தோன்றும். இந்த வியப்பே ஒரு கருத்தியல். ஆயுதத் தொழில் எங்கோ தனியாக இருக்கிறது, நம் வீட்டு, அலுவலகச் சாமான்கள் வெள்ளந்தியானவை என்ற நம்பிக்கையிலிருந்து அது வருகிறது. வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து துப்பாக்கிக்குக் கிராக்கி குறைந்த பிறகு, 1873இல் டைப்ரைட்டர் செய்யும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டது ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி. 1886இல் அந்தத் தொழிலை விற்றுவிட்டது என்றாலும் பெயர் இயந்திரத்தோடேயே தங்கிவிட்டது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரல் பழகியவர்கள் தட்டியதும் அந்தப் பெயரைத்தான். துப்பாக்கிப் பட்டறையிலிருந்து வந்த எழுத்து இயந்திரம், 1940களில் துப்பாக்கியாகத் திரும்பிப் போனது. அண்டர்வுட் கார்பைன் செய்தது. இன்னொரு டைப்ரைட்டர் கம்பெனியான ஸ்மித்-கொரோனா, எம்1903ஏ3 ரைஃபிள் செய்தது.

இத்தனை பேர் ஒரே துப்பாக்கியைச் செய்ய ஒரு நிபந்தனை இருந்தது: எவன் செய்த பாகமும் எவன் செய்த துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும். அண்டர்வுட் செய்த குழல் வேறு கம்பெனிகளின் கார்பைன்களிலும் போனது. பாகங்களில் சின்னச் சின்ன எழுத்துகளாகக் குறிகள் இருந்தன. கம்பெனியின் முழுப் பெயர் மேற்பகுதி உலோகத்தில், வரிசை எண்ணோடு பொறிக்கப்பட்டது. போருக்குப் பின் ராணுவப் பட்டறைகளில் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து மறுபடி மாட்டினார்கள். ராணுவத்துக்கு அது பொருட்டே இல்லை. சுட்டால் சரி.

ஆனால் சேகரிப்பாளர்களுக்குப் பொருட்டு. அவர்களுடைய கையேடுகளை ஒரு 'பிரதி'யாக வாசித்தால் அச்சு அசல் பாடவிமர்சனம்! எது மூலம், எது இடைச்செருகல், எந்தப் பாகம் எந்தப் பட்டறைக்கு உரியது என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார்கள். குறைவாகச் செய்யப்பட்ட ராக்-ஓலாவுக்குத் தனி மவுசு. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் இந்த உழைப்பை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் இந்தப் பாடவிமர்சனம் கேட்பதில்லை: இது யாரைச் சுட்டது? பெயர் திரும்ப வந்துவிட்டது, விலையாக. ஃபூக்கோ சொன்ன தண்டனை என்ற பகுதி மட்டும் கழன்றுபோயிற்று.

அந்தக் கேள்வியை அதிகாரம் எப்போது கேட்கிறது என்று பாருங்கள். கார்பைன்கள் பெருமளவில் தென்கொரியாவுக்குப் போயின. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டது. போலீஸ் நிலையங்களையும் ஆயுதக் கிடங்குகளையும் உடைத்து மக்கள் எடுத்த துப்பாக்கிகளில் பழைய கார்பைன்கள் முக்கியமானவை. ராணுவத்தின் கையில் எம்16. ஒன்றின் குண்டு 7.62 மி.மீ., மற்றதன் குண்டு 5.56 மி.மீ. செத்தவர்கள் உடம்பில் கார்பைன் காயம் இருக்கிறது, ஆகவே தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று ராணுவத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். குண்டின் விட்டம் துப்பாக்கியின் வகையைத்தான் சொல்லும். விசையில் இருந்த விரலைச் சொல்லாது. இதுகூடவா தெரியாது அவர்களுக்கு? தெரியும்.

செய்யும்போது 'யார் செய்தால் என்ன' என்ற அதே அதிகாரம், பிணம் விழுந்தபின் 'எந்தத் துப்பாக்கி' என்று நுணுக்கம் பேசுகிறது. அடையாளத்தை அழிப்பதும் அடையாளம் காட்டுவதும் இரண்டுமே அதற்குக் கைவந்த வேலை. ஆசிரியனின் மரணத்தைக் கொண்டாடிய நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும். கவிதையில் பெயரை அழிப்பது வாசகனுக்கு விடுதலையாக இருக்கலாம். ஆயுதத்தில் பெயரை அழிப்பது கொன்றவனுக்கு விடுதலை. ஸ்டியரிங் சக்கரம் செய்தவனிலிருந்து உத்தரவு போட்டவன் வரை ஒவ்வொரு பெயரையும், செத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கிற ஒரு விமர்சனம் நமக்கு வேண்டியிருக்கிறது. சேகரிப்பாளனின் பொறுமை அதற்குத் தேவை. அவனுடைய விலைப்பட்டியல் தேவையில்லை.