1746: ஓர் ஆண்டும் மூன்று வரலாறுகளும்

சென்னை மாநகரின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு ஆண்டுகளைத் தவறாது குறிப்பிடுவர். ஒன்று 1639, கோட்டை கட்ட ஆங்கிலேயர் நிலம் பெற்ற ஆண்டு. மற்றொன்று 1746, அக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமான ஆண்டு. முன்னதற்கு ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது. பின்னதற்கு ஒரு கதை மட்டுமே வாய்த்தது. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியர் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பத்தாயிரம் வீரரை விரட்டியடித்தனர், இந்தியாவின் தலைவிதி அன்றே எழுதப்பட்டுவிட்டது என்பதே அக்கதை. பாடநூல்கள் வழியாக நம் பிள்ளைகள் வரை வந்து சேர்ந்துவிட்ட இக்கதை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருங்கக் காண்போம். ஐரோப்பாவில் மூண்ட ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் சோழமண்டலக் கடற்கரைக்கும் பரவியது. மொரீஷியஸ் தீவின் ஆளுநர் லா பூர்தொனே கப்பற்படையுடன் வந்து சென்னையை முற்றுகையிட்டார். சில நாள்களிலேயே ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ் சரணடைந்தார். பிரெஞ்சு நாட்காட்டியில் அது செப்டம்பர் 21; பழைய நாட்காட்டியைக் கைவிடாத ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10; தமிழ்க் கணக்கில் அட்சய ஆண்டுப் புரட்டாசி; ஹிஜ்ரி 1159ஆம் ஆண்டு ரமளானின் முதல் வாரம். பதினொரு லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தர லா பூர்தொனே இசைந்தார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அதனை ஏற்க மறுத்தார். அக்டோபர் 13இல் வீசிய புயலில் பிரெஞ்சுக் கப்பல்கள் பல சிதைந்தன. லா பூர்தொனே கரையை விட்டகன்றார். நகரம் துய்ப்ளேயின் பிடிக்குள் வந்தது.

நவாப் அன்வருத்தீன் கானின் உரிமை இவ்விடத்தில்தான் குறுக்கிடுகிறது. சென்னை அவரது ஆளுகைக்கு உட்பட்ட மண். அம்மண்ணில் அயல்நாட்டு வணிகர் தம்முள் போரிடலாகாது என்பது அவரது நிலைப்பாடு. நகரைக் கைப்பற்றித் தங்களிடமே ஒப்படைப்போம் என்று துய்ப்ளே அவருக்கு வாக்களித்திருந்தார். அவ்வாக்கு காற்றில் பறந்தபின்னரே நவாப் தம் மைந்தர் மஹ்பூஸ் கானைப் படையுடன் அனுப்பினார். நவம்பர் 2இல் கோட்டையிலிருந்து வெளிப்பட்ட பிரெஞ்சுப் படை முற்றுகையைக் கலைத்தது. 4ஆம் நாள், புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த பாரதி என்னும் தளபதி அடையாற்றைக் கடந்து மஹ்பூஸ் கானின் படையைச் சாந்தோமில் முறியடித்தார்.

இவ்வாண்டைப் பற்றிய முதல் வரலாறு ராபர்ட் ஓர்ம் எழுதியது. அதன் முதற்பாகம் 1763இல் வெளிவந்தது. ஓர்ம் கும்பெனியின் ஊழியர். சென்னை ஆலோசனை சபையில் இருந்தவர். நிகழ்ச்சிகளை நிரல்பட அடுக்குவதில் அவர் வல்லவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் அடையாற்றுப் போரை ஓர் உளவியல் திருப்புமுனையாகவே காண்கிறார். முகலாய அதிகாரிகளின் படையை ஐரோப்பியர் வெல்லவே இயலாது என்று நூறாண்டுக்கும் மேலாக நிலவிய அச்சம் அன்று நீங்கிற்று என்பது அவரது முடிவு. 1868இல் மல்லசன் இதனை மேலும் உயர்த்திப் பேசினார். பின்வந்தோர் அதையே படியெடுத்தனர்.

இத்தகைய செய்திகளை எடைபோட நம் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்திலேயே, வரலாற்றாசிரியர்கள் வழுக்கி விழும் இடங்களுள் படைகளின் எண்ணிக்கையை முதன்மையாகச் சுட்டுகிறார். அத்தனை பேர் நிற்க அவ்விடத்தில் நிலம் உண்டா, அவர்களுக்கு உணவு உண்டா, ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா என்று வினவச் சொல்கிறார். மஹ்பூஸ் கானின் 'பத்தாயிரம்' என்னும் முழு எண்ணை இவ்வினாக்களின் முன் நிறுத்தியவர் சிலரே. ஆற்றுமுகத்துக்கும் சாந்தோமின் குறுகிய தெருக்களுக்கும் இடையில் அவ்வளவு பேரும் ஒருசேரப் போரிட்டிருக்க முடியுமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

பத்தாயிரத்தை ஏற்றுக்கொண்டாலும் எதிர்த்தரப்பின் கணக்கு இன்னும் தெளிவானது. பாரதியுடன் வந்தோருள் ஐரோப்பியர் ஏறத்தாழ 230 பேர். இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 700 பேர். வென்ற படையில் நான்கில் மூன்று பங்கினர் இந்நாட்டவரே. 'சிப்பாய்' என்ற சொல்லும் 'சிபாஹி' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே. ஆகவே இதனை ஐரோப்பியர் இந்தியரை வென்ற போர் என்பது பொருந்தாது. அணிவகுப்பும் சேர்ந்து சுடும் பயிற்சியும் பெற்ற படை, அவற்றைப் பெறாத படையை வென்றது என்பதே சரி. இப்பயிற்சி எவர்க்கும் கைவரக்கூடியது என்பதைப் பின்னாளில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் மெய்ப்பித்தனர். இனத்தின் பெயரால் கூறப்பட்ட வெற்றி, உண்மையில் பயிற்சியின் வெற்றி.

இரண்டாவது வரலாறு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சென்னையில் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்த இவர், 1746 தொடக்கத்தில் கனகராய முதலியார் மறைந்தபின் துய்ப்ளேயின் துபாஷியாகச் செயல்பட்டவர். அன்றன்று கேட்டதை அன்றன்றே பேச்சுத் தமிழில் எழுதியதால், பின்விளைவை அறிந்தவனின் மிடுக்கு இந்நூலில் இல்லை. நாளை என்ன ஆகுமோ என்ற ஐயம் பக்கந்தோறும் நிழலாடுகிறது. அதுவே இதன் தனிச்சிறப்பு. எனினும் அவர் அன்று இருந்தது புதுச்சேரியில். சென்னைச் செய்திகள் அவருக்குக் கடிதமாகவும் தூதர் வாய்மொழியாகவும் வந்தவை. துய்ப்ளேயின் புகழும் தம் வணிக நலனும் அவர் எழுதுகோலை அவ்வப்போது வளைக்கின்றன.

மூன்றாவது வரலாறு, புர்ஹான் இப்னு ஹசன் பாரசீகத்தில் இயற்றிய 'துஸுகே வாலாஜாஹி'. இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1934லும் 1939லும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே இரு பாகங்களாக வெளியிட்டவர் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார். அப்பெருந்தகைக்குத் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டுள்ளது. ஆயின் நன்றி வேறு, திறனாய்வு வேறு. இது நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் ஆணைப்படி எழுந்த அரசவை நூல். மஹ்பூஸ் கான் அவருடைய அண்ணன். பின்னாளில் பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரரோடு சேர்ந்து தம்பியை எதிர்த்தவர். தம்பியின் அவையில் எழுதப்பட்ட நூலிலிருந்து அண்ணனை அறிய முற்படுவோர் இவ்வுறவை மறக்கலாகாது. முஸ்லிம் அரசவையில் பிறந்தது என்பதற்காக நாம் அதற்குச் சலுகை காட்டினால், ஓர்மைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுவோம்.

மூன்று நூல்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. கும்பெனி, ஆளுநர், அரசகுலம் ஆகியோரே அவற்றின் மாந்தர். நகரத்து மக்கள் பின்புலம் மட்டுமே. கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். ஐரோப்பாவில் 1748இல் ஏற்பட்ட எக்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கையின்படி 1749இல் சென்னையை மீண்டும் பெற்ற ஆங்கிலேயர், எஞ்சியதையும் படிப்படியாக அகற்றினர். இன்று உயர்நீதிமன்ற வளாகம் நிற்பது அம்மக்களின் தெருக்கள் இருந்த இடத்தில்தான். கோட்டையை இழந்தவர்க்கு அது திரும்பக் கிடைத்தது. வீட்டை இழந்தவர் அதே இடத்திற்குத் திரும்பவில்லை.

இவ்வாண்டின் விளைவு கோட்டையைச் சுற்றிய பகுதியோடு நிற்கவுமில்லை. 1749இல் அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். ஆங்கிலேயரின் துணையால் அரியணையில் நிலைத்த முஹம்மது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையை அவர்களுக்கு ஜாகிராக வழங்கினார். தாம்பரம், இரும்புலியூர் வட்டாரத்து ஏரிப்பாசன ஊர்கள் கும்பெனியின் வரிக்கணக்கில் ஏறியது இவ்வழியில்தான். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்தில், 1746ஐக் கோட்டைக்குள் நடந்த பழங்கதையாக எண்ணுவோர் இத்தொடர்பை ஊன்றி நோக்க வேண்டும். முடிச்சூர் வழியே வருகின்ற அடையாறுதான் சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆறு ஒன்றாயிருக்க, வரலாறு மட்டும் கோட்டைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று எனப் பிரிந்திருக்க முடியாது.

தோல்வியை மறைப்பது வரலாறாகாது. அதற்காக அழுதுகொண்டிருப்பதும் ஆகாது. வாக்கு மீறப்பட்டது, பயிற்சி வென்றது, வீடுகள் இடிந்தன என்ற மூன்று உண்மைகளையும் ஒருங்கே சொல்லும் நூல் இன்னும் தேவைப்படுகிறது. ஆங்கில ஆவணம், தமிழ் நாட்குறிப்பு, பாரசீகச் சரிதம் மூன்றையும் அருகருகே வைத்து, எண்களை ஐயுற்று, பெயரற்றவரைத் தேடி எழுதப்படும்போதுதான் 1746 சென்னை மக்களின் ஆண்டாகும். பாரசீகமும் தமிழும் ஒருசேரக் கற்ற இளம் ஆய்வாளர் இப்பணியை மேற்கொள்ள வேண்டும் என்பதே நம் விழைவு.