96ஆம் வருசம் யாருடையது? ‘சிறந்த படம்’ சண்டையை முன்வைத்து

2018இல் வந்த தமிழ்ப் படங்களில் எது சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. டீக்கடையில் நடக்கிறது, விடுதி அறையில் நடக்கிறது, இலக்கியக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நடக்கிறது. அந்த வருசம் அப்படிப்பட்ட வருசம்தான். ஜூனில் ‘காலா’, ஆகஸ்டில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, செப்டம்பர் 28இல் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபர் 4இல் ‘96’, மறுநாளே ‘ராட்சசன்’, 17இல் ‘வடசென்னை’. ஐந்து மாதத்துக்குள் இத்தனை படம் வந்தால் ரசிகன் திண்டாடத்தான் செய்வான். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் இரண்டு படத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. ‘96’ஆ, ‘பரியேறும் பெருமாளா’?

ரசிகர்கள் சண்டையில் நமக்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. எந்தப் படம் சிறந்தது என்று ஒருவர் சொல்வதில் பெரிதாக ஒன்றுமில்லை, அது அவரவர் ருசி. ஆனால் அதற்கு அவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுப்புத்தி வெளியே வருவது அந்தக் காரணத்தில்தான்.

‘96’ பக்கம் நிற்பவர்கள் சொல்வது இது: “அது எல்லாரோட கதைங்க. பள்ளிக்கூடக் காதல் இல்லாத ஆளு யாரு? ‘பரியேறும் பெருமாள்’ நல்ல படம்தான், இல்லேங்கல. ஆனா அது ஒரு பிரிவோட கதை.” எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் இதை மறுப்பதாக நினைத்துக்கொண்டு என்ன சொல்கிறார்கள்? “அதைச் சாதிப் படமா பாக்காதீங்க, மனுசக் கதையா பாருங்க.” இரண்டு பேரும் ஒரே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். சாதி கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது பொதுக்கதை, மனிதக் கதை. சாதி தெரிந்துவிட்டால் அது யாரோ சிலருடைய தனிக்கதை, கலை ஆவதற்கு அது கொஞ்சம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இந்தத் தராசை யார் செய்தார்கள் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

‘96’ஐ எடுத்துக்கொள்வோம். பிரேம்குமாரின் முதல் படம். மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை. த்ரிஷாவும் விஜய் சேதுபதியும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், நாமும் கூடவே நடக்கிறோம். அது லேசான காரியமில்லை. 1996இல் பள்ளி முடித்த ஒரு தஞ்சாவூர் வகுப்பு, 22 வருசம் கழித்துச் சென்னையில் கூடுகிறது. அந்த வகுப்பில் ஒருத்தருக்கும் சாதி இல்லை. ராமச்சந்திரனும் ஜானகிதேவியும் எந்தத் தெரு என்று நமக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றாது. அவர்கள் பிரியக் காரணம் என்ன? அப்பாவின் கடன், ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனது, பையனின் கூச்சம், ஒரு தப்பான புரிதல். அந்தக் காதலை ஒரு சாதிச் சங்கம் மறிக்கவில்லை. ஒரு சித்தப்பன் அரிவாள் எடுக்கவில்லை. கூச்சத்தால் மட்டுமே ஒரு காதல் தோற்க வேண்டுமானால் அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்! அந்தப் பாதுகாப்புக்குப் பெயர் சூட்டப்படவில்லை. பெயர் சூட்டாததால்தான் அது ‘எல்லாருடைய’ கதை ஆகிவிட்டது.

அதுவும் எந்த ஊர்? 1968 டிசம்பர் 25இல் கூலி கேட்ட 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்த வெண்மணி அன்றைக்குத் தஞ்சை மாவட்டம்தான். எந்த வருசம்? பஞ்சாயத்துத் தேர்தலில் நம்ம சனத்துக்குத் தனித்தொகுதி வந்த 1996. மேலூர் பக்கம் மேலவளவில் அந்தத் தேர்தலை நடத்தவிடாமல் தடுத்தார்கள். ஒருவழியாக நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30இல் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து வருசம், 2006 வரை, ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. அதற்கு முந்தின வருசம் 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுவீடாக நொறுக்கியது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைத் தடியால் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். நமக்குத் தொண்ணூறுகள் என்றால் இது.

எங்க அண்ணன் 96இல் பத்தாவது படித்தவன். அவன் வகுப்புக்காரர்களும் இந்தப் படம் வந்த பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, பழைய பள்ளிக்கூடத்திலேயே கூடுவதென்று முடிவு செய்தார்கள். அண்ணன் போகவில்லை. கேட்டதற்குச் சொன்னான்: “எல்லாரும் பழசை நெனச்சு அழுவானுங்க. எனக்கு நெனப்பு வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ‘ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்கடா’ன்னு வாத்தியார் கூப்புட, நாங்க ஏழு பேர் எந்திரிச்சு நிப்போம். மத்தவன் பூராம் திரும்பிப் பாப்பான். அதுல அந்தப் புள்ளையும் பாக்கும்.” அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கும் ஒரு ஜானு இருந்திருக்கிறாள். எழுந்து நின்ற அந்த நிமிசத்தோடு அது முடிந்துவிட்டது. ‘யாருக்குத்தான் பள்ளிக்கூடக் காதல் இல்லை’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது பரியனிடம் வருவோம். அவன் காதலித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கிலீசு புரியாத சட்டக்கல்லூரி மாணவனுக்கு ஒரு பெண் பாடம் சொல்லிக் கொடுத்தாள், அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், போனான். அதற்கே அறைக்குள் பூட்டி அடித்து மேலே மூத்திரம் பெய்கிறார்கள். கருப்பி தண்டவாளத்தில் செத்தது. கடைசியில் அவனையும் அதே தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். 2013 ஜூலையில் தர்மபுரி ரயில் பாதை ஓரம், 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளம். பெயர்களை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரி செல்வராஜ் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்துவிடவில்லை.

ஆனால் இந்தப் படம் எப்படிப் பாராட்டப்பட்டது என்பதையும் நாம் கேள்வி கேட்டாக வேண்டும். “யாரையும் புண்படுத்தாம சொல்லிட்டான்யா” என்பது நான் அதிகம் கேட்ட பாராட்டு. தன்னைக் கொல்ல ஆள் வந்த பிறகும் பரியன் பழிவாங்கவில்லை. நடந்ததை ஜோவிடம் சொல்லாமல் அவள் அப்பனின் மானத்தைக் காப்பாற்றுகிறான். ஆதிக்க சாதி ரசிகனுக்கு இந்தப் பொறுமை ரொம்பப் பிடித்துவிட்டது. கார்க் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டுத்தான் அவன் பேசுகிறான், நீங்கள் இப்படியே இருக்கும்வரை எதுவும் மாறாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான் என்பதெல்லாம் வசதியாக மறந்துபோகிறது. அதே வருசம் ரஞ்சித்தின் ‘காலா’வும் வந்தது. தாராவி நிலம் எங்களுடையது என்று அது கெஞ்சாமல் சொன்னது. ரசிகர்களின் பட்டியலில் அது எங்கே? நட்சத்திரப் படத்துக்கான குறைகள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அழுகிற தலித்துக்கு முதலிடம் தரத் தயாராக இருக்கிற மனசு, நிலம் கேட்கிற தலித்துக்குப் பத்தாவது இடம்கூடத் தர யோசிக்கிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

விருதுகள் பக்கமும் இதே கதைதான். அந்த வருசத்துத் தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ‘பாரம்’ படத்துக்குப் போனது. 2020 பிப்ரவரியில்தான் அது தியேட்டருக்கே வந்தது. பிலிம்பேர்க்காரர்கள் சிறந்த படம் ‘பரியேறும் பெருமாள்’ என்றார்கள். சிறந்த இயக்குநர் விருதை ‘ராட்சசன்’ ராம்குமாருக்குக் கொடுத்தார்கள். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்ம ஆளு ஒரு படம் எடுத்தால் அதில் வலி தெரிகிறது, உண்மை தெரிகிறது, வேலை மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஏதோ ரத்தத்தைத் தொட்டு எழுதினான், தானாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தலித் எழுத்தைத் ‘தன்வரலாறு’ என்று ஓரங்கட்டிய அதே பழைய சமாச்சாரம்தான்.

என்னைக் கேட்டால் 2018இன் சிறந்த படம் ‘பரியேறும் பெருமாள்’. காரணம் அதன் பொறுமை இல்லை. பெண் வேடம் கட்டி ஆடுகிற அப்பனின் வேட்டியை உருவி நடுத்தெருவில் ஓடவிடும் அந்தக் காட்சிதான் காரணம். அந்த அப்பனாக வந்தவர் 2023இல் மறைந்த நெல்லை தங்கராசு, உண்மையாகவே தெருவில் ஆடிப் பிழைத்த கலைஞர். மானத்துக்காக ஓடுகிற உடம்பைத் தமிழ் சினிமா அதற்கு முன் எத்தனையோ தடவை சிரிப்புக் காட்சியாக்கியிருக்கிறது. இங்கே தியேட்டரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் சிரிப்பை நிறுத்தியது கலை இல்லை என்றால் வேறு எது கலை?

ஆகவே அடுத்த தடவை இந்தச் சண்டை வரும்போது, “சாதிப் படமா பாக்காதீங்க” என்று தயவுசெய்து யாரும் கெஞ்ச வேண்டாம். சாதிப் படமாகவே பாருங்கள் என்று சொல்லுவோம். சொல்லிவிட்டு, ‘96’ஐயும் அதே கண்ணால் பார்க்கச் சொல்லுவோம்.