ஏழு பேர், ஒரு சின்ன மேடை, ஒரே மூச்சு

கபடியில் ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அதில் பாதிதான் ஓர் அணிக்குச் சொந்தம். அந்தப் பாதிக்குள் ஏழு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நிற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். அதே ஏழு பேரை அதிலும் பாதிக்கும் குறைவான இடத்தில் ஏற்றி, கிதார், வயலின், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் கொடுத்து, குதித்துக்கொண்டே பாடச் சொன்னால்? இந்த வாரம் ஆடுகளத்தை விட்டு ஒரு பாட்டு மேடைக்குப் போவோம்.

லாஸ் காம்பெசினோஸ் என்ற குழு 2006-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதலில் மூன்று பேர். அப்புறம் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஏழு. வேல்ஸில் பிறந்த குழு என்று பெயர் எடுத்தாலும் அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வேல்ஸ்காரர் இல்லை. எல்லாரும் அங்கே படிக்க வந்தவர்கள். ராமோன்ஸ் குழுவில் எல்லாரும் ராமோன் என்று பெயர் வைத்துக்கொண்டதைப் போல இவர்களும் குழுவின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்: கேரத் காம்பெசினோஸ், டாம் காம்பெசினோஸ், அலெக்ஸ் காம்பெசினோஸ் என்று. அதே ஆண்டு முடிவதற்குள் விச்சிட்டா என்ற லண்டன் இசை வெளியீட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் கச்சேரிக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே ஒரு வருடம்கூட இல்லை. பரீட்சையும் எழுதிக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு இருந்த பிள்ளைகள்.

இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள்: துள்ளல். இளமைத் துடிப்பு, அடங்காத உற்சாகம் என்று அதையே நாலு விதமாகச் சொல்வார்கள். கபடியில் ஒரு பையன் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் 'வேகம்' என்று எழுதிவிட்டுப் போவதைப் போன்றதுதான் அது. வேகம் எங்கிருந்து வந்தது, யார் இடம் விட்டார்கள், மூச்சை எங்கே மிச்சம் பிடித்தான் என்பதைச் சொன்னால்தான் அலசல். என் கட்சி இதுதான்: இந்த ஏழு பேரின் துள்ளல் இருபது வயதின் கொடை மட்டும் இல்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்ததால் வந்தது. அதைக் கற்றுக்கொள்ளச் சின்ன அரங்கை விட்டால் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

முதலில் குரல்களைக் கவனியுங்கள். ஆரம்ப காலப் பாட்டுகளில் கேரத்தும் அலெக்ஸும் மாறி மாறிப் பாடுவார்கள். கேரத்தின் வரிகள் நீளமானவை. ஒரு வாக்கியத்துக்குள் அடைப்புக்குறி போட்டு இன்னொரு வாக்கியம் எழுதுகிற பேர்வழி. அவ்வளவு சொற்களையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அவர் முடிக்கும் இடத்தில் அலெக்ஸ் சின்னதாக, தெளிவாக ஒரு வரி பாடுவார். அந்த நாலு விநாடிதான் கேரத்துக்கு மூச்சு. அடுத்து எல்லாரும் சேர்ந்து கத்தும் இடம் வரும். அப்போது இருவருக்குமே ஓய்வு. கேட்கிறவருக்கு இது கட்டுக்கடங்காத கூச்சலாகத் தெரியும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ரைடு போகிறவனை மாற்றி மாற்றி அனுப்பும் கேப்டனின் கணக்கு தெரியும்.

ஒலி விஷயத்தில் சின்ன அரங்கு இரக்கமே காட்டாது. டிரம்ஸுக்கு அங்கே பெரும்பாலும் மைக்கே தேவைப்படாது. அடித்தால் சுவரில் மோதிக் காதில் விழும். கிதார் ஆம்ப்ளிஃபையர்களும் அப்படித்தான். ஆடியோக்காரர் கையில் மிச்சம் இருப்பது குரல் மட்டும். குரலை டிரம்ஸுக்கு மேலே ஏற்றப் போனால் மைக் கூவ ஆரம்பித்துவிடும். அந்தக் கூவலுக்குப் பயந்து இறக்கினால் பாடகர் வாயசைப்பது மட்டும் தெரியும். இந்த இக்கட்டில் மாட்டிய குழுக்கள் செய்யும் தவறு, ஒவ்வொருவரும் தன் ஆம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது. மூன்றாவது பாட்டுக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

இங்கேதான் க்ளாக்கன்ஸ்பீல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டும் உலோகப் பட்டை வாத்தியம். குச்சியால் தட்டினால் கிணிங் என்று கேட்கும். கேரத் பாடிக்கொண்டே அதைத் தட்டுவார். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக முழங்கும்போதும் அது தனியாகக் கேட்கும். காரணம், அதன் சுருதி பெரும்பாலும் கிதாரின் வீட்டு எல்லைக்கு மேலே இருக்கிறது. கிதார் தந்திகளின் அடிப்படைச் சுரங்கள் ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். க்ளாக்கன்ஸ்பீல் தொடங்குவதே 780-க்குப் பக்கத்தில், போய் நிற்பது நாலாயிரத்துக்கு மேல். நெரிசலில் தரையில் இடம் இல்லையென்றால் மாடியில் குடியேறுவது என்பது இதுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. சத்தம் சின்னது என்பதால் மைக்கை வாத்தியத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்த மைக்கோ பக்கத்தில் இருக்கும் டிரம்ஸின் வெண்கலத் தட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஆகவே அதைத் தட்டுகிறவர் டிரம்ஸை விட்டுத் தள்ளி, மேடையின் முன் ஓரத்தில் நிற்பதே நல்லது. பாடகர் கையில் அதைக் கொடுத்தது எவ்வளவு சரியான ஏற்பாடு என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு பாட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: 'யூ! மீ! டான்சிங்!'. ஆட வராத ஒருவன் ஆடுவதைப் பற்றிய பாட்டு. 2008 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பமான 'ஹோல்ட் ஆன் நவ், யங்ஸ்டர்'-இல் அது ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாப் பாட்டுக்கு அது இரு மடங்கு நீளம். அதிலும் முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் வாயே திறப்பதில்லை. ஒரு கிதார் தனியாக முனகுகிறது. டிரம்ஸ் எட்டிப் பார்க்கிறது. இன்னொரு கிதார் சேர்கிறது. எல்லாம் மெல்ல மெல்லத் தடிக்கிறது. இப்போது வெடிக்கும் என்று நினைக்கும் இடத்தில் வெடிக்காது. இன்னும் ஒரு சுற்று காக்க வைப்பார்கள். நல்ல ரைடர் கோட்டுக்கு அருகே நின்று ஆட்டம் காட்டுவானே, காலை நீட்டுவது போல் நீட்டி இழுத்துக்கொள்வானே, அந்த நேரம் இது. கடைசியில் அந்தத் துள்ளல் மெட்டு ஏழு பேர் கையிலிருந்தும் ஒரே அடியில் விழும்போது அறையே தரையை விட்டு எழும்பும்.

துள்ளல் என்று எல்லாரும் எழுதுவது அந்த ஓர் அடியைத்தான். என் ஓட்டு அதற்கு முந்தைய நிமிடத்துக்கு. இருபது வயதில் ஏழு பேரும் சேர்ந்து அடக்கிக்கொள்வது சுலபமில்லை.

இதே காட்சி ஐம்பதாயிரம் பேர் இருக்கும் மைதானத்தில் நடக்குமா? பாதிதான் நடக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடி ஏறக்குறைய 0.3 விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். நடுத்தர வேகப் பாட்டில் அது அரைத் தாளத்துக்கும் மேல். அவர் கை தட்டி, அந்தச் சத்தம் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.3. ஸ்பீக்கர்களை நடுவில் நட்டு நேரம் சரிசெய்து சமாளிக்கிறார்கள்; ஆனாலும் முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே நொடியில் இருப்பதில்லை. பத்து மீட்டர் ஆழமுள்ள அறையில் இந்தத் தாமதம் வெறும் 0.03 விநாடி. கடைசி ஆள் வரை எல்லாரும் ஒரே அடியில் குதிக்கிறார்கள், மேடையும் அதைக் காலில் உணர்கிறது. சின்ன அரங்கின் 'நெருக்கம்' என்று உருகி உருகி எழுதுகிறார்களே, அதில் பாதி இந்தக் கணக்குதான்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். கூட்டுக் குரல்கள் அடிக்கடி சுருதி தப்பும். அதை அழகு என்று சொல்லித் தப்பிக்கலாம், எல்லா இடத்திலும் முடியாது. கேரத் எழுதும் வரிகளில் கேலியும் கால்பந்தும் தோற்ற காதலும் அடுக்கடுக்காக இருக்கும். ஆனால் சின்ன அறையில் அதில் கால்வாசி காதில் விழுந்தாலே அதிர்ஷ்டம். முதல் ஆல்பம் அந்த மேடைச் சூட்டை அப்படியே பிடிக்கப் பார்த்து, எல்லா வாத்தியத்தையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டது. தொடர்ந்து கேட்டால் காது களைத்துவிடுகிறது. அதே ஆண்டு அக்டோபரில், எட்டே மாதத்தில், சியாட்டிலில் போய்ப் பதிவு செய்த அடுத்த தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் இருட்டும் கசப்பும் கூடியிருந்தன, காற்று நுழைய இடமும் இருந்தது. என் மதிப்பெண் இரண்டாவதற்குத்தான் அதிகம்.

இந்தக் குழு இனிப்பு மட்டும் விற்க வந்ததில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2007-ல் வந்த ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் இரண்டு பிறர் பாட்டுகளைப் பாடியிருந்தார்கள். ஒன்று ஹெவன்லி என்ற மென்மையான இண்டி பாப் குழுவினுடையது. மற்றது பிளாக் ஃப்ளாக் என்ற கலிஃபோர்னியா ஹார்ட்கோர் பங்க் குழுவினுடையது. பட்டுச் சட்டைக்கு உள்ளே பனியன் அல்ல, கவசம். இரண்டு வகை ரசிகர்களும் அறையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக் காரணம் அதுதான்.

பிறகு ஆட்கள் மாறினார்கள். 2009-ல் அலெக்ஸ் படிப்பைத் தொடரப் போனார். அந்த இடத்துக்குக் கேரத்தின் சகோதரி கிம் வந்தார். இன்னும் சிலர் விலகினார்கள், சிலர் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் இருந்தவர்களில் இப்போது மிச்சம் கேரத், டாம், நீல் ஆகிய மூவர். 2024 ஜூலையில் 'ஆல் ஹெல்' என்ற ஆல்பத்தைத் தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். இன்றும் மேடையில் ஏழு பேர்தான்.

இனி, சின்ன அரங்கு என்ற அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. கார்டிஃப் கோட்டைக்கு எதிரே வோமன்பி என்றொரு குறுகலான தெரு. அதில் க்ளூப் இவோர் பாக் என்ற அரங்கு 1983 முதல் இருக்கிறது. வேல்ஷ் மொழி பேசுகிறவர்கள் கூடிப் பாட ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கிய மன்றம் அது. நகரத்தின் புதுக் குழுக்கள் ஏறி இறங்கும் படிக்கட்டாகவும் ஆகிவிட்டது. பெயருக்குரிய இவோர் பாக் 1158-ல் அந்தக் கோட்டைச் சுவரை இரவில் ஏறிக் குதித்து, உள்ளே இருந்த பிரபுவையும் மனைவியையும் மகனையும் தூக்கிக்கொண்டு போன குறுநிலத் தலைவர். ரைடு என்றால் அது ரைடு! 2017-ல் அந்தத் தெருவில் புதுக் கட்டடங்கள் வரப் போவதாகவும், குடிவருகிறவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தால் அரங்குகளை மூட வேண்டிவரும் என்றும் பேச்சு எழுந்தது. ஊரே தெருவில் இறங்கியது. முதலில் இருந்த அரங்கைப் புதிதாகக் கட்டுகிறவர்தான் அனுசரித்துப் போக வேண்டும், சத்தத்தைத் தடுக்கும் செலவும் அவருடையது என்ற விதியை வேல்ஸ் அரசு தன் கட்டடத் திட்டக் கொள்கையில் சேர்த்தது.

எல்லா அரங்குக்கும் அந்த வெற்றி கிடைக்கவில்லை. பிரிட்டனில் 2023-ல் மட்டும் 125 சிறு அரங்குகள் நேரடிக் கச்சேரியை நிறுத்திவிட்டன என்று மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. வாடகை, மின்கட்டணம், வரி என்று காரணம் எல்லாம் பழையவைதான். பெரிய மைதானக் கச்சேரியின் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பவுண்டு சின்ன அரங்குகளுக்குப் போக வேண்டும் என்ற யோசனை 2024-ல் நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையாகவே வந்தது. கோல்ட்பிளே தங்கள் 2025 பிரிட்டன் கச்சேரி வருமானத்தில் பத்து சதவீதத்தைத் தருவதாக அறிவித்தார்கள். கபடிச் சங்கங்கள் ஊர்த் திடலுக்கு இப்படி ஒரு பங்கு கேட்டால் நம் புரோ லீக் முதலாளிகள் என்ன முகம் காட்டுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

கார்டிஃபிலோ லண்டனிலோ மான்செஸ்டரிலோ படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெரிய நட்சத்திரத்துக்கு நூறு பவுண்டு கொடுக்கும் முன், உங்கள் தெருவில் இருக்கும் சின்ன அரங்குக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். நாளிதழில் பெயர் வந்த குழு ஒன்பது மணிக்குத்தான் ஏறும் என்று தெரிந்தாலும் ஏழரைக்கே போய்விடுங்கள். முதலில் ஏறுகிறவர்களுக்கு அரை மணி நேரம்தான் தருவார்கள், அறையும் முக்கால்வாசி காலியாக இருக்கும். முன்னால் போய் நில்லுங்கள். பிடித்திருந்தால், வெளியே போகும் வழியில் அவர்களே மேசை போட்டு விற்கும் டி-ஷர்ட் ஒன்றை வாங்குங்கள். அன்றைய பெட்ரோல் காசு அவர்களுக்குப் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.