துணைக் கருவியின் தகைமை

யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடலே யாழ்ப்பாணமாயிற்று என்பது வழிவழி வந்த கதை. நரம்புக் கருவியின் பெயர் தாங்கிய இந்நாட்டில், அக்கருவி பாட்டுக்கு ஏவலனோ, தோழனோ என்னும் வினா ஆராயத்தக்கதாகும்.

இவ்வினா மேனாட்டிசையிலும் எழுந்ததுண்டு. பெருமண்டபத்துக்கன்றி வீட்டுக் கூடத்துக்கென அமைந்த அவர்தம் சிற்றரங்க இசையில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கட்டைக் கருவியும் வயலினும் இணைந்த படைப்புகளிற் பெரும்பாலும் பியானோ போன்ற கட்டைக் கருவிகளே தலைமை பூண்டன; வயலின் அவற்றைப் பின்பற்றி ஒலித்தது. 1785இல் மோட்சார்ட் இயற்றிய ஜி மைனர் நாற்கருவி இசை அந்நிலையை மாற்றிற்று. தொடக்கத்தில் பியானோ, வயலின், வியோலா, செல்லோ ஆகிய நான்கும் ஒருங்கே முழங்க, பியானோ தனித்து மறுமொழி கூறும். பின்னர் நான்கும் வினாவும் விடையுமாய் உரையாடும். பயில்வோர்க்கு அது கடினமென வெளியீட்டாளர் கருதினார் என்பர். எனினும், இருநூறு ஆண்டு கடந்தும் அதன் இனிமை குன்றாமைக்கு அவ்வுரையாடலே காரணமாகும்.

நம் இசைக்கு வயலினைக் கொணர்ந்த பெருமை பாலுசுவாமி தீட்சிதரைச் (1786-1858) சாரும். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதிற் பெற்ற தேர்ச்சியை வியந்து, சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். பியானோவுக்கு இப்பேறு வாய்க்கவில்லை. அதன் கட்டைகள் நிலைத்த சுரங்களையே தருவன. சுரங்களுக்கிடையே அசைந்து உலவும் கமகம் அவற்றுக்கு எட்டாது. வயலினின் கழுத்திலோ மெட்டுக்கள் இல்லை. குரல் செல்லும் வழியெல்லாம் விரலும் வழுக்கிச் செல்லும்.

இவ்வாற்றலே அதற்கு ஓர் இடரும் ஆயிற்று. பாடகரை நிழல்போலத் தொடர்வதே வயலினின் கடமையெனக் கருதுவார் பலர். ஆயின், ஆலாபனையிற் பாடகர் ஓயும்போது இராகத்தைத் தன் போக்கில் விரிப்பதும், கற்பனைச் சுரத்திற் பாடகர் எதிர்பாராத விடையளிப்பதும் நிழலின் செயலாமோ? கோயில் வீதியில் ஒலிபெருக்கி பாடகரின் குரலையே மேலோங்கச் செய்யின், இவ்வுரையாடலிற் பாதி அவையோர் செவிக்கு எட்டாது போகும்.

மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் இசைக் கல்லூரியாகத் தோன்றி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனத்தில் வாய்ப்பாட்டோடு வயலினும் தனிப் பாடமாகப் பயிற்றப்படுகின்றது. கற்போர்க்குக் கிடைத்துள்ள இம்மதிப்பைக் கேட்போரும் அளித்தல் வேண்டும். பாடகர் ஓயும் வேளை பேசுதற்குரியதன்று. தோழன் கூறும் விடையைக் கேட்டற்குரியது.