விண்டோஸ் 11-ல் பேஜ்மேக்கர் 7: ஓடுகிறது, ஆனால்…

கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், நினைவு மலர் என்று எந்த வேலையைக் கொண்டுபோனாலும், நம் ஊர் டிடிபி கடைகள் பலவற்றில் இன்றும் திறக்கப்படுவது பேஜ்மேக்கர்தான். 7.0 பதிப்பு வந்தது 2001-ல். அதற்கு மேல் அடோபி அதில் புதிய பதிப்பு எதையும் கொண்டுவரவில்லை. கடைக்காரர்களும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். இப்போது சிக்கல் வேறு பக்கமிருந்து வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதில் பேஜ்மேக்கர் ஓடுமா என்று போட்டுப் பார்த்தேன்.

ஓடுகிறது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்றாலும் 32 பிட் நிரல்களை ஓட்டும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 அந்த வகையைச் சேர்ந்தது. செட்டப் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். இந்த வசதி 16 பிட் நிரல்களுக்குப் பயன்படாது. விண்டோஸ் 3.1 காலத்துச் சாமான்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. தொண்ணூறுகளின் நிரல்கள் சிலவற்றில் நிரல் 32 பிட்டாகவும் அதன் செட்டப் மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும்.

நிறுவும் இடத்தையும் மாற்றுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விண்டோஸ் இப்போது சாதாரணமாக அனுமதிப்பதில்லை; பழைய நிரல் எழுதினால், அதைச் சத்தமில்லாமல் வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். பிறகு வேறு யூசராக உள்ளே போனால் அந்த அமைப்புகளைக் காணோம். சி டிரைவிலேயே தனி ஃபோல்டர் போட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஆக, மென்பொருள் பிழைத்துக்கொண்டது. அது நம்பியிருந்த அக்கம்பக்கம்தான் மாறிவிட்டது. முதல் அடி எழுத்துருவில்.

எழுத்துரு ஃபைலில் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால், விண்டோஸ் 11 அதை அந்த யூசருக்கு மட்டுமே நிறுவுகிறது. பழைய நிரல்கள் பலவற்றுக்கு அந்த இடம் தெரியாது. வேர்டில் எழுத்துரு வரும். பேஜ்மேக்கர் பட்டியலில் வராது. எழுத்துரு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து வேறு சிடியைத் தேட வேண்டாம். ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. பாமினி, டாம் போன்ற பழைய முறை எழுத்துருக்கள்தான் அதற்கு ஆகும். தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் கைகொடுக்கும். பழைய கீபோர்டு மென்பொருள் டாங்கிளோடு வந்ததென்றால் சந்தேகம்தான்: 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது, புது லேப்டாப்பில் பேரலல் போர்ட்டும் கிடையாது.

அடுத்தது பிரிண்டர். பேஜ்மேக்கர் ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரு குறிப்பிட்ட பிரிண்டருக்கென்றே அமைக்கும். அந்தப் பிரிண்டர் புது மெஷினில் இல்லாமல் வேறொன்றை ஏற்கச் சம்மதித்தால் வரிகள் இடம் மாறலாம். நாலு பக்க மலர் ஐந்தாம் பக்கத்துக்கு வழியலாம். போதாததற்கு, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டிஃபால்ட் ஆக்கும் அமைப்பு ஒன்றும் விண்டோஸில் இருக்கிறது. முதல் வேலையாக அதை அணையுங்கள்.

பிடிஎஃப் எடுப்பதிலும் கவனம் வேண்டும். விண்டோஸோடு வரும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் அல்ல. பத்திரிகையின் உச்சியில் இருக்கும் பிள்ளையார் இபிஎஸ் படமாக இருந்தால், திரையில் காட்டுவதற்கென்று அதற்குள் வைத்த மட்டமான மாதிரிப் படம்தான் அச்சாகும். தும்பிக்கை ஓரமெல்லாம் படிக்கட்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றைச் சேர்த்து, ஃபைலாக அச்சடித்து, இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் பிடிஎஃப் ஆக்கினால் கோடு சுத்தமாக வருகிறது.

இத்தனை ஒட்டுப்போடுவதற்குப் பதில், விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்து, அதில் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரை வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எக்ஸ்பிக்கு 512 எம்பி ராம் தாராளம். பழைய எழுத்துரு, பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர், பேஜ்மேக்கரோடு வந்த டிஸ்டில்லர் எல்லாம் அங்கே முரண்டு பிடிக்காமல் வேலை செய்கின்றன. பிடிஎஃப்பை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, வெளியே விண்டோஸ் 11-லிருந்து அச்சடிக்கலாம். எல்லாம் சரியாக அமைந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், என்ன ஆனாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு நின்றுவிட்டதால், உள்ளே நெட் இணைப்பைத் துண்டித்தே வையுங்கள். எக்ஸ்பிக்கு முறையான உரிமமும் ஆக்டிவேஷனும் வேண்டும். பேஜ்மேக்கர் 7-க்கு சீரியல் எண் போதும்.

பழைய பத்திரிகையில் பெயரும் தேதியும் மாற்றிக் கொடுக்கும் கடைக்கு நேரடியாக நிறுவுவதே போதும். வருடக்கணக்கில் புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கும் பதிப்பகத்துக்கு விர்ச்சுவல் மெஷின்தான். இன்டிசைனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6, அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. சிஎஸ்6 இருக்கும் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதற்கு முன் ஃபைல்களை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.