மணிப்பிரவாளம்: கலப்பா, சேர்த்தியா?

பூர்வாசார்யர்களின் மணிப்பிரவாள வியாக்கியானங்களை மதிப்பிடுவோர் பலர் அவற்றை 'மொழிக் கலப்பு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். ஒரு சாரார் அதனைத் தமிழின்மேல் வடமொழி ஏறிய குறை என்பர். மற்றொரு சாரார் இரு பண்பாடுகளும் ஒன்றாய்க் கரைந்த நிறைவு என்பர். இகழ்வோரும் புகழ்வோரும் கலந்தபின் இரண்டில்லை என்றே கொள்கின்றனர். வியாக்கியானங்கள் இக்கொள்கைக்கு இடங்கொடுப்பதில்லை.

மணிப்பிரவாளம் என்னும் பெயரே இருவகையாகப் பொருள் கொள்ளப்பட்டது. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய லீலாதிலகம் 'மணி' என்பதை மாணிக்கமாகக் கொண்டது. மாணிக்கமும் பவளமும் செந்நிறமாதலின் வேறு தோன்றாமல் இசையும் என்பது கருத்து. வடசொற்கள் தம் விபக்தியோடே வருவதும் அங்கு விதி. தமிழ்நாட்டு வழக்கில் மணி என்பது முத்து. வெண்மையும் செம்மையும் தனித்தனியே விளங்கும். நம்பிள்ளை ஈட்டில் வடசொல் தமிழ் உருபேற்றுத் தமிழ்த் தொடருக்குள் நிற்கிறது. கோக்கப்படுபவை இரண்டு, கோக்கும் சரடு தமிழ்.

இதன் பயனை உணரத் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் அமைந்த திருநீர்மலை உதவும். மலையை நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் 6 மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. வடமொழியில் அத்தலம் தோயாத்ரி. நீருக்குத் தோயமும் மலைக்கு அத்ரியும் நேர்ச்சொற்களே. ஆயினும் 'நீர்மை' என்றதும் நெஞ்சில் எழும், பள்ளம் நோக்கிப் பாயும் தன்மை தோயத்தில் இல்லை. அதனை விளக்கச் சௌசீல்யம் வேண்டும்: பெரியவன் தாழ்ந்தாரோடு இடைவெளியின்றிக் கலந்து பழகுதல். அச்சொல்லிலோ நீரின் ஓட்டம் இல்லை. ஆகவே ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்காமல் இரண்டும் வேண்டியிருக்கின்றன.

வடசொற்களை நீக்கி வியாக்கியானங்களை எளிதாக்கும் இக்கால முயற்சிகள் நன்னோக்கம் உடையனவே. ஆனால் சேஷத்வம், பாரதந்த்ரியம், கைங்கர்யம் மூன்றையும் 'அடிமை' என்றே பெயர்த்தால், ஆத்மாவின் இயல்பும், அவன் வசமாயிருக்கும் நிலையும், செய்யும் தொண்டும் வேறுபாடின்றிப் போகும். வடசொல்லே பொருள், தமிழ்ச்சொல் வெறும் அணி என்று காலக்ஷேபத்தில் சொல்வாரும் மறுபுறத்திலிருந்து அதே பிழையைச் செய்கின்றனர்.

பங்குனி உத்திரச் சேர்த்தியில் பெருமாளும் பிராட்டியும் ஓர் ஆசனத்தில் இருவராகவே எழுந்தருளியிருக்கின்றனர். மணிப்பிரவாளத்தையும் சேர்த்தி என்பதே பொருந்தும். சௌசீல்யத்தின் இலக்கணமும் இதற்குச் சான்று: எம்பெருமான் கலக்கையில் அவன் பெருமை குறைவதில்லை, கலக்கப்பெற்றவனும் மறைவதில்லை. வேற்றுமை அழிந்துவிடின், கலந்தான் என்று சொல்வதற்கே இருவர் இல்லை.