அஜித் அகர்கர்: ஐந்து பந்து முன்னதாக ஒரு விக்கெட்

மும்பை கிரிக்கெட் ஆட்டக்காரர்களில் அஜித் அகர்கர் அளவுக்கு அவசரமாகத் தீர்ப்பு சொல்லப்பட்டவர் வேறு யாரும் இல்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பழைய ரசிகர்கள் கூடும் இடத்தில் அவர் பெயரை எடுத்தால் "நல்ல திறமை, வீணாப் போச்சு" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி அநியாயம். எந்தப் பாதி எது என்று பிரித்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவர் வளர்ந்த மண். சிவாஜி பார்க்கில் ரமாகாந்த் ஆச்ரேக்கரிடம் பயிற்சி, சாரதாஸ்ரம் பள்ளி, பிறகு மாட்டுங்காவின் ரூபாரேல் கல்லூரி. அதே மாட்டுங்காவில், நம் தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தெருக்களுக்கு நடுவே, டாட்கர் மைதானத்தில் இருக்கிறது தாதர் யூனியன் கிளப். கவாஸ்கரும் வெங்சர்க்காரும் ஆடிய கிளப் அது. இந்த வட்டாரம் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த அளவுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கவில்லை. அகர்கரும் பள்ளியில் மட்டையாளராகத்தான் பெயர் வாங்கினார். மும்பை அணியில் மட்டையாளர்களுக்கு இடம் கிடைக்காத காலம் என்பதால் பந்துவீச்சையும் சேர்த்துக்கொண்டார். வேகப்பந்து அவருக்குப் பிறகு வந்த தொழில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது பலவும் விளங்கும்.

1998 ஏப்ரல் 1 அன்று கொச்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவருடைய முதல் ஒருநாள் போட்டி. அந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள், 23 ஆட்டங்களில் 50 விக்கெட். டென்னிஸ் லில்லி 24 ஆட்டங்களில் செய்ததை முறியடித்த உலக சாதனை அது. 2009இல் அஜந்தா மெண்டிஸ் முறியடிக்கும்வரை பத்தாண்டுகள் நின்றது. குட்டையான, ஒல்லியான தேகம். ஆனால் ஓடி வரும் வேகமும் கை சுழலும் வேகமும் சேர்ந்து, ஆடுகளத்தில் பட்ட பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு வரும். அவரை அடுத்த கபில்தேவ் என்றார்கள். அவர் கேட்டு வாங்காத அந்தப் பட்டமே பிறகு அவரை அளக்கும் கோலாயிற்று.

இனி அவருக்கு எதிரான வாதம். 26 டெஸ்ட், 58 விக்கெட், சராசரி 47.32. ஓர் இன்னிங்ஸில் ஐந்துக்கு மேல் எடுத்தது ஒரே ஒரு முறை. இந்த எண்களுக்கு வக்காலத்து வாங்க முடியாது. உயரம் இல்லாததால் டெஸ்டில் எடுபடவில்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது நிற்காது. அகர்கரைவிடவும் சிறிய உருவம் கொண்ட மும்பை வேகப்பந்து வீச்சாளர் ரமாகாந்த் தேசாய் 28 டெஸ்டில் 74 விக்கெட் எடுத்தார், சராசரி 37.31. அதுவும் ஸ்லிப் கேட்ச்சுகள் தவறுவது சர்வசாதாரணமாக இருந்த காலத்தில். குறை உயரத்தில் இல்லை, லென்த்தில் இருந்தது. ஒரே இடத்தில் ஆறு ஓவர் போட்டு மட்டையாளரைக் காத்திருக்க வைக்கும் பொறுமை அகர்கருக்குக் கைவரவில்லை. ஒரு நல்ல அவுட்ஸ்விங்கர், அடுத்தது காலுக்குப் போகும், அதற்கடுத்தது பாதி ஆடுகளத்திலேயே குத்தும். டெஸ்ட் மட்டையாளர் அந்த மோசமான பந்துக்காகத்தான் காத்திருப்பார்.

விதிவிலக்கு அடிலெய்டு, 2003 டிசம்பர். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 556, அதில் பாண்டிங் மட்டும் 242. திராவிடும் லக்ஷ்மணும் இந்தியாவை 523க்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் லேங்கரை எல்பிடபிள்யூ ஆக்கினார் அகர்கர். முந்தைய இன்னிங்ஸில் இரட்டைச் சதம் அடித்த பாண்டிங் அவர் பந்தில் சோப்ராவிடம் கேட்ச் கொடுத்து, ரன் எடுக்காமலே திரும்பினார். கடைசியில் கேட்டிச்சையும் பின்வரிசையையும் துடைத்தெடுத்து 41 ரன்னுக்கு 6 விக்கெட். ஆஸ்திரேலியா 196க்குச் சுருண்டது, இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 1981க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. திராவிடின் ஆட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் எதிரணியைச் சாய்க்காமல் டெஸ்ட் ஜெயிக்க முடியாது. அந்த வெற்றியின் சரிபாதி அகர்கருக்குச் சொந்தம்.

ஆனாலும் ஒரு நாளை வைத்து ஒரு வாழ்க்கையை அளக்க முடியாது. ஜாகீர் கானைப் பாருங்கள். 2006இல் அணிக்கு வெளியே இருந்தபோது வூஸ்டர்ஷயர் கவுண்டிக்குப் போய் விக்கெட்டுகளைக் குவித்து, வேறொரு பந்துவீச்சாளராகத் திரும்பி வந்து 311 டெஸ்ட் விக்கெட்டோடு முடித்தார். அகர்கரின் கடைசி டெஸ்ட் அதே 2006 ஜனவரியில், பாகிஸ்தான் 679 ரன் குவித்த லாகூரில். அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு டெஸ்டில் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டே தீர வேண்டிய நிலையை அவரும் உண்டாக்கவில்லை.

ஒருநாள் போட்டிக்கு வந்தால் வழக்கே மாறிவிடுகிறது. 191 ஆட்டம், 288 விக்கெட், சராசரி 27.85. கும்ப்ளே, ஸ்ரீநாத் இருவரை விட்டால் இந்தியர்களில் இவருக்கு மேல் ஆள் இல்லை. "ரன் வாரி வழங்கினாரே" என்பது பழைய புகார். ஓவருக்கு 5.07 கொடுத்தார், ஸ்ரீநாத் 4.44. புகார் உண்மை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். அகர்கர் 32.9 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், ஸ்ரீநாத் 37.8 பந்துக்கு. பத்து ஓவர் வீசினால் அகர்கர் ஏறக்குறைய 51 ரன் கொடுத்து 1.82 விக்கெட், ஸ்ரீநாத் 44 ரன் கொடுத்து 1.59 விக்கெட். கூடுதலாகப் போன ஆறேழு ரன்னும் கூடுதலாகக் கிடைத்த கால் விக்கெட்டும் சராசரிக் கணக்கில் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகின்றன. ஸ்ரீநாத்தின் சராசரி 28.08 என்பதும் அதையே சொல்கிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. கடைசி ஓவர்களில் அடிக்கப்போய் அவுட் ஆகிறவர்களின் விக்கெட் மலிவானது என்பார்கள். நியாயமான மறுப்புதான். அதற்கு எதிரில், அகர்கர் வீசிய 1998-2007 காலத்தில் ஸ்கோர்கள் முன்பைவிட ஏறியிருந்தன என்பதையும் வைக்க வேண்டும். கனமான மறுப்பு வேறு. பெரிய மேடையில் கேப்டன் அவரை நம்பினாரா? 2003 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்ரீநாத், ஜாகீர், நெஹ்ரா மூவரும் போதும் என்று முடிவாகியிருந்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஓவரில் அகர்கர் எப்படி வீசுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன். இந்தக் கறையை எண்கள் துடைக்காது.

மட்டையை வைத்து அவரைக் கேலி செய்தது மட்டும் சுத்த அநியாயம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடுத்தடுத்து ஏழு டெஸ்ட் இன்னிங்ஸில் முட்டை வாங்கியதும் "பாம்பே டக்" என்று பெயர் வைத்தார்கள். அதே கை 2000 டிசம்பரில் ராஜ்கோட்டில் ஜிம்பாப்வேக்கு எதிராக 21 பந்தில் அரைச்சதம் அடித்தது, 2002இல் லார்ட்ஸில் 109 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றது. டெண்டுல்கருக்குக்கூட லார்ட்ஸ் டெஸ்டில் சதம் அமையவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரு பந்துவீச்சாளரின் தரத்தை அவருடைய முட்டைகளை எண்ணி முடிவுசெய்வது திறனாய்வு ஆகாது.

டெஸ்டில் அகர்கர் தோற்றார். அதற்கு உடலையோ தேர்வாளர்களையோ குற்றம் சொல்வதற்கில்லை. ஒருநாள் போட்டியில் அவர் ஸ்ரீநாத்துக்குச் சமம். சிக்கனத்தில் பின்தங்கி, விக்கெட் வேகத்தில் முந்தி, வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர். தேர்வாளர்கள் 26 டெஸ்டும் 191 ஒருநாள் போட்டியும் கொடுத்து இதைச் செயலில் சொல்லிவிட்டார்கள். ரசிகர்களாகிய நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கபில்தேவ் ஆகாதவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தோல்விப் பட்டியலில் வைத்தோம். 2013 ஜனவரியில் மும்பைக்கு நாற்பதாவது ரஞ்சிக் கோப்பையைக் கேப்டனாக வென்று கொடுத்து, அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். 2023 முதல் இந்திய அணியின் தேர்வுக் குழுத் தலைவர். ரமாகாந்த் தேசாயும் ஒரு காலத்தில் அமர்ந்த நாற்காலி அது. ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒரு பந்துவீச்சாளர், ஐம்பது ஓவருக்கு வேறொருவர் என்று பிரித்துத் தேர்ந்தெடுப்பது இன்று அவருடைய வேலை. அப்படிப் பிரித்துப் பார்க்கும் நியாயத்தை அவருக்கும் கொடுத்தால், 288 விக்கெட் எடுத்தவரை "வீணாப் போச்சு" என்று யாராலும் சொல்ல முடியாது.